பேட்டரியைக் குடித்தது யார்?



இந்த வாரம் உங்களுக்கு ஒரு துப்பறியும் கதை சொல்லப் போகிறேன். இதில் திருட்டு உண்டு, திருடனும் உண்டு. ஆனால் போலீஸ் இல்லை. கண்டுபிடித்தவர்கள் உங்களைப் போன்ற ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்தான். அவர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் ஓர் அம்மீட்டர். திருடு போனது என்ன தெரியுமா? ஒரு பேட்டரியில் இருந்த மின்சாரம்!

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சிவகாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தேன். 2011ஆம் ஆண்டு ஜூலை 15. அன்று என்ன நாள்? நம் விருதுநகர் மண்ணில் பிறந்த காமராசரின் பிறந்த நாள். தமிழ்நாட்டுப் பள்ளிகள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடும் நாள். எங்கள் பள்ளியிலும் விழா ஏற்பாடு செய்திருந்தோம்.

அந்தக் காலத்தில் மின்வெட்டு அன்றாடம் வரும் விருந்தாளி. எப்போது வரும் என்று நம்பிச் சொல்ல முடியாது. அதனால் பேட்டரியில் ஓடும் சின்ன மைக் செட் ஒன்றைப் பள்ளியில் வாங்கி வைத்திருந்தோம். ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், ஒரு குழாய் ஸ்பீக்கர், 12 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான்.

காலை எட்டு மணிக்கே குழாயில் பாட்டுப் போட்டுவிட்டோம். பாட்டுச் சத்தம் கேட்டால்தானே ஊருக்கு விழா நடப்பது தெரியும்! சத்தத்தையும் முழுதாகக் கூட்டி வைத்தாயிற்று. பத்தேகால் மணிக்குப் பாட்டை நிறுத்தி, விழாவைத் தொடங்கினோம். கடவுள் வாழ்த்து முடிந்தது. தலைமை ஆசிரியர் பேசினார். அடுத்து, காமராசரைப் பற்றிப் பேச ஒரு ஏழாம் வகுப்பு மாணவி மேடை ஏறினாள்.

மூன்று வாரமாக மனப்பாடம் செய்திருந்தாள் அந்தப் பிள்ளை. அவளுடைய அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். மகள் பேசுவதைக் கேட்பதற்காக அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, கடைசி வரிசைக்கும் பின்னால் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"அவையோர் அனைவருக்கும் வணக்கம்..."

அவ்வளவுதான். குழாய் 'கர்... கர்...' என்றது. பிறகு மௌனம். ஆம்ப்ளிஃபயரில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கும் மங்கி அணைந்தது. அந்தப் பிள்ளை நிறுத்தவில்லை. சொல்ல வேண்டியதை முழுதாகச் சொல்லி முடித்தாள். ஆனால் அவள் குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. வேப்ப மரத்தடியில் நின்றவர், வாய் அசைவதை மட்டும் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனார்.

"பேட்டரி சரியில்லை, புதுசு வாங்கணும்" என்றார் ஒருவர். "ஆம்ப்ளிஃபயர்தான் ரிப்பேர்" என்றார் இன்னொருவர். நான், "நேற்று ராத்திரி சார்ஜ் ஏறவில்லை போலிருக்கிறது" என்றேன். ஆளுக்கு ஒரு ஊகம்!

அப்போதுதான் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து கேட்டாள்: "சார், அந்தப் பெட்டி எவ்வளவு கரண்ட் எடுக்குதுன்னு யாராவது அளந்து பாத்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆண்டுதோறும் கரும்பலகையில் மின்சாரப் பாடம் நடத்தியவன் நான். ஆனால் எங்கள் பள்ளி மைக் செட்டை ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை!

டிரம்மும் செம்பும்

அளப்பதற்கு முன்னால், எதை அளக்கப் போகிறோம் என்று தெரிய வேண்டும் அல்லவா? நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது எளிது. ஏனென்றால் நமக்குத் தண்ணீர்க் கணக்கு நன்றாகத் தெரியும். குழாயில் தண்ணீர் தினமும் வராது. வரும் நாளில் டிரம்மில் பிடித்து வைத்து, அடுத்த முறை வரும்வரை ஓட்ட வேண்டும். 'டிரம்மில் எவ்வளவு இருக்கிறது? ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கிறோம்? எத்தனை நாளைக்கு வரும்?' இந்த மூன்று கேள்விகளும் நம் அம்மாக்களின் நாக்கு நுனியில் இருக்கும்.

பேட்டரியும் ஒரு டிரம்தான். அதிலிருந்து ஒரு நேரத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதே மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். சிறிய அளவு என்றால் மில்லி ஆம்பியர். ஆயிரம் மில்லி ஆம்பியர் சேர்ந்தால் ஓர் ஆம்பியர். பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்பதை ஆம்பியர் மணி என்ற அலகில் சொல்கிறார்கள். எங்கள் பேட்டரியின் மேல் '12 வோல்ட், 7 ஆம்பியர் மணி' என்று அச்சிட்டிருந்தது. தொடர்ந்து ஓர் ஆம்பியர் எடுத்தால் ஏழு மணி நேரம் வர வேண்டும் என்பது மேலோட்டமான கணக்கு. (மேலோட்டமான என்று ஏன் சொன்னேன் என்பது பிறகு தெரியும்.)

ஆம்பியர் என்பது ஒரு மனிதரின் பெயர். ஆந்த்ரே மரி ஆம்பியர் (1775-1836) பிரான்சு நாட்டு அறிவியலாளர். மின்சாரம் ஓடும் கம்பிகள் ஒன்றையொன்று இழுப்பதையும் தள்ளுவதையும் ஆராய்ந்தவர். 1881ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கூடிய உலக மின்னியல் மாநாடு, மின்னோட்டத்தின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

அம்மீட்டரை எங்கே வைப்பது?

அடுத்த சனிக்கிழமை விசாரணையைத் தொடங்கினோம். எங்கள் பள்ளியில் அம்மீட்டர் இல்லை. பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளி ஆய்வகத்திலிருந்து, 5 ஆம்பியர் வரை காட்டும் முள் அம்மீட்டர் ஒன்றைக் கையெழுத்துப் போட்டு இரவல் வாங்கி வந்தேன். பேட்டரியை முதல் நாளே முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைத்தோம்.

அம்மீட்டரை எப்படி இணைப்பது? தெருவில் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ண வேண்டுமானால் என்ன செய்வோம்? எல்லாரும் கடந்தே ஆக வேண்டிய சந்தில் போய் நிற்போம். அம்மீட்டரும் அப்படித்தான். மின்சாரம் முழுவதும் அதன் வழியாகப் போக வேண்டும். இதற்குத் தொடர் இணைப்பு என்று பெயர்.

முதலில் ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சை அணைத்தோம். பேட்டரியின் நேர்முனையிலிருந்து சிவப்புக் கம்பியைக் கழற்றினோம். பேட்டரியின் நேர்முனையை அம்மீட்டரின் நேர்முனையோடு இணைத்தோம். கழற்றிய சிவப்புக் கம்பியை அம்மீட்டரின் எதிர்முனையில் மாட்டினோம். கறுப்புக் கம்பியைத் தொடவே இல்லை. இப்போது பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம், அம்மீட்டரைக் கடந்துதான் ஆம்ப்ளிஃபயருக்குப் போக முடியும்.

பொறி பறக்கும், எச்சரிக்கை!

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள், பிள்ளைகளே. வோல்ட்மீட்டரைப் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைக்கலாம். அம்மீட்டரை அப்படி வைக்கவே கூடாது! அம்மீட்டருக்கு மின்தடை மிக மிகக் குறைவு. அதைக் குறுக்கே வைப்பதும், இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் சேர்ப்பதும் ஒன்றுதான். எங்களுடையதைப் போன்ற சின்னப் பேட்டரியிலிருந்துகூட அந்த நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் பாயக்கூடும். பொறி பறக்கும், கம்பி பழுக்கும், மீட்டர் கருகும்.

ஒரு பொறி என்ன செய்யும் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசு ஆலைக்குள் கைபேசி கூடாது, நைலான் உடை கூடாது, பருத்தி உடைதான் உடுத்த வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்? உடை உராய்வதில் பிறக்கும் கண்ணுக்குத் தெரியாத நிலைமின்சாரப் பொறிகூட மருந்தைப் பற்றவைத்துவிடும் என்பதால்தான். ஆகவே பட்டாசு, திரி, தீப்பெட்டி மருந்து, பெட்ரோல் எதுவும் அருகில் இருக்கும் இடத்தில் எந்த மின்சாரச் சோதனையும் செய்யாதீர்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரிக்குப் பக்கத்திலும் வேண்டாம். அதிலிருந்து தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம். வீட்டுச் சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தின் பக்கமே போக வேண்டாம்.

முள் சொன்ன சாட்சி

சுவிட்சைப் போட்டோம். மைக்கில் யாரும் பேசவில்லை, பாட்டும் இல்லை. முள் மெல்ல நகர்ந்து 0.3 ஆம்பியரில் நின்றது. "யாரும் பேசலையே சார், பிறகு எதுக்குக் கரண்ட்?" என்றான் ஒருவன். நல்ல கேள்வி. ஆம்ப்ளிஃபயரின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள், குரல் வந்த உடனே வேலை பார்ப்பதற்காகத் தயாராகக் காத்திருக்கின்றன. காத்திருப்பதற்கும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். இறுக மூடாத குழாயில் தண்ணீர் சொட்டுவது போல.

அடுத்து, ஒருவன் மைக்கில் பாடப் புத்தகத்தை வாசித்தான். முள் ஆடத் தொடங்கியது. 'அ' என்று வாய் திறந்தால் ஏறியது. மூச்சு விட்டால் இறங்கியது. எந்த எண்ணை எழுதுவது? அங்கேதான் கணக்குப் பாடம் கைகொடுத்தது. ஐந்து நொடிக்கு ஒரு முறை ஒருத்தி 'ஊம்' என்பாள். முள் காட்டும் எண்ணை ஒருவன் வாசிப்பான். இன்னொருத்தி எழுதுவாள். ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு எண்கள். கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் சராசரி. பேச்சுக்கு 0.8 ஆம்பியர் வந்தது.

பிறகு பாட்டு. விழா அன்று வைத்தது போலவே முழுச் சத்தம். முள் துள்ளி எழுந்தது. சராசரி 2.4 ஆம்பியர்! பேச்சைப் போல மூன்று மடங்கு!

கடைசியாக, சத்தத்தைக் குறைத்தோம். மைதானத்தின் மறுகோடியில் ஒரு மாணவனை நிறுத்தி, அவனுக்குத் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு மட்டும் வைத்தோம். அதே பாட்டு, சராசரி 1.1 ஆம்பியர்.

கரும்பலகையில் இப்படி எழுதினோம்:

சும்மா இருக்கும்போது - 0.3 ஆம்பியர்
பேச்சு - 0.8 ஆம்பியர்
பாட்டு, குறைந்த சத்தம் - 1.1 ஆம்பியர்
பாட்டு, முழுச் சத்தம் - 2.4 ஆம்பியர்

திருடன் பிடிபட்டான்! பேச்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி உண்டு. மூச்சு வாங்கும் நேரமெல்லாம் பேட்டரிக்கு ஓய்வு. பாட்டில் அந்த ஓய்வு கிடையாது. பாடகர் நிறுத்தினால் தவில் பிடித்துக்கொள்ளும், தவில் நிறுத்தினால் நாயனம் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு முடிச்சு

விழா அன்று எட்டு மணி முதல் பத்தேகால் வரை பாட்டு ஓடியது. அதாவது 2.25 மணி நேரம். 2.4 ஆம்பியர் வீதம் எவ்வளவு செலவு? பிள்ளைகள் பெருக்கினார்கள். 5.4 ஆம்பியர் மணி.

உடனே அந்த மாணவி கையைத் தூக்கினாள். "சார், பேட்டரியில 7 இருந்துச்சு. 5.4 போனா மிச்சம் 1.6 இருக்கணுமே? அதுல ரெண்டு மணி நேரம் பேசியிருக்கலாமே? ஏன் நின்னுச்சு?"

பார்த்தீர்களா, இப்படித்தான் கேட்க வேண்டும்! பதில், பேட்டரியின் குணத்தில் இருக்கிறது. இந்த வகை ஈய அமில பேட்டரிகளுக்குச் சொல்லப்படும் '7 ஆம்பியர் மணி' என்பது, பொதுவாக 20 மணி நேரம் நிதானமாக எடுத்தால் கிடைக்கும் அளவு. 7-ஐ 20-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.35 ஆம்பியர். அந்த வேகத்தில் எடுத்தால் முழு 7-ஐயும் தரும். அவசரப்பட்டு எடுத்தால் குறைத்துத்தான் தரும். சுமார் இரண்டரை ஆம்பியர் வீதம் உறிஞ்சினால், புதிய பேட்டரிகூட ஐந்து சொச்சம்தான் தரும். எங்களுடையதோ பழைய பேட்டரி. எல்லாக் கணக்கும் பத்தேகால் மணிக்கே முடிந்துவிட்டது!

பேட்டரி மேல் குற்றமில்லை. ஆம்ப்ளிஃபயர் மேலும் குற்றமில்லை. அந்தப் பிள்ளையின் பேச்சை விழுங்கியது, நாங்கள் முழுச் சத்தத்தில் ஓடவிட்ட பாட்டுத்தான். ஊகம் சொன்ன நாங்கள் மூன்று பேரும் தவறு. அளந்து பார்த்த பிள்ளைகள் சரி.

காதை ஏமாற்ற முடியாது, பெட்டியை ஏமாற்றலாம்

சத்தத்தைக் குறைத்ததும் மின்னோட்டம் பாதிக்கும் கீழே போனதே, கேட்பதில் அவ்வளவு வித்தியாசம் தெரிந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை! நம் காதின் அமைப்பு அப்படி. ஒலி இரண்டு மடங்கு கூடியது போல் தோன்ற வேண்டுமானால், ஸ்பீக்கருக்குச் சுமார் பத்து மடங்கு திறன் கொடுக்க வேண்டும். அதனால் கடைசியாகத் திருகும் அந்தக் கால் திருகு, காதுக்குக் கொஞ்சம்தான் கூட்டும். பேட்டரியை மட்டும் காலி செய்துவிடும். சத்தத்தைக் குறைத்தால் பேட்டரிக்கும் நல்லது, காதுக்கும் நல்லது, பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் நல்லது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே சொல்கின்றன.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பழைய டேப் ரெக்கார்டர் பெட்டிகளின் மேல் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று பெரிதாக எழுதியிருக்கும். உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கும். அது உண்மையா என்று கண்டுபிடிக்க ஒரு பெருக்கல் போதும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன். அதன் அலகு வாட். எங்கள் செட் முழுச் சத்தத்தில் எடுத்தது 12 x 2.4 = 28.8 வாட். அதிலும் ஒரு பகுதி ஒலியாவதற்குள்ளேயே வெப்பமாகப் போய்விடுகிறது. ஆம்ப்ளிஃபயரின் முதுகைத் தொட்டால் சுடுகிறதே, அதுதான்.

12 வோல்ட்டில் தொடர்ந்து 1000 வாட் எடுக்க வேண்டுமானால் 83 ஆம்பியர் ஓட வேண்டும். டேப் ரெக்கார்டரில் இருக்கும் மெல்லிய கம்பி அதைத் தாங்குமா? கருகிவிடும்! கண் சிமிட்டும் நேரத்துக்குள் வந்து போகும் உச்சத்தைக் கற்பனையாகப் பெருக்கிப் போட்ட எண் அது. பேட்டரி கொடுக்காததை எந்தப் பெட்டியாலும் தொடர்ந்து கொடுக்க முடியாது. அட்டைப் பெட்டி பொய் சொல்லலாம். அம்மீட்டர் சொல்லாது.

பள்ளிக்கூட வாத்தியார் ஓம்

மின்னோட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டு ஓம் பெயரைச் சொல்லாமல் விடலாமா? கியோர்க் சைமன் ஓம் 1789இல் ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் பிறந்தார். அவர் அப்பா பூட்டுச் செய்யும் தொழிலாளி. ஆனால் தானே படித்துக் கணிதமும் அறிவியலும் கற்றவர், தன் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தவர். ஓம் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, ஓய்வு நேரத்தில் பள்ளி ஆய்வகத்திலேயே கம்பிகளில் ஓடும் மின்சாரத்தை அளந்தார். மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டமும் அதே வீதத்தில் கூடும், மின்தடை கூடினால் மின்னோட்டம் குறையும் என்று கண்டு 1827இல் புத்தகமாக எழுதினார். தொடக்கத்தில் அவர் நாட்டிலேயே அதற்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. 1841இல்தான் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி, காப்ளி பதக்கம் கொடுத்துப் பெருமைப்படுத்தியது. ஊகத்தை நம்பாமல் அளந்து பார்த்த பள்ளிக்கூட வாத்தியார் அவர். அதனால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம்!

இன்று மெக்கானிக் கடைகளில் பார்க்கும் மல்டிமீட்டருக்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் அஞ்சல் துறைப் பொறியாளராக இருந்தவர் டொனால்டு மெக்கடி. தந்தி, தொலைபேசிக் கம்பிகளைச் சோதிக்கப் பல கருவிகளைச் சுமந்து சலித்துப்போய், ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் அளக்கும் ஒரே கருவியை உருவாக்கினார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. மூன்று அலகுகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஏ.வி.ஓ.' என்று பெயர் வைத்தார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்!

மைக் செட் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். பென் டார்ச் செல்லில் பாடும் சின்ன ரேடியோ இருந்தால் போதும். அதற்குள்ளும் ஓர் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. ஆசிரியரோ, அப்பாவோ, அண்ணனோ பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

தேவையானவை: செல் போட்ட சின்ன ரேடியோ, டிஜிட்டல் மல்டிமீட்டர், காலித் தீப்பெட்டி ஒன்று, சாப்பாடு பொதியும் அலுமினியத் தாள் கொஞ்சம், பசை.

1. தீப்பெட்டியின் உள்பெட்டி அட்டையிலிருந்து, செல்லின் அகலத்துக்கு ஒரு நீளத் துண்டு வெட்டுங்கள். மருந்து தடவிய பக்கம் வேண்டாம்.

2. அட்டையின் இரண்டு பக்கமும் அலுமினியத் தாளை ஒட்டுங்கள். இரண்டு தாள்களும் ஓரத்தில் ஒன்றையொன்று தொடக்கூடாது. அதனால் தாளை அட்டையைவிடக் கொஞ்சம் ஒடுக்கமாக வெட்டுங்கள்.

3. ரேடியோவில் செல்லுக்கும் அது தொடும் தகட்டுக்கும் நடுவில் அட்டையைச் செருகுங்கள். இப்போது ரேடியோ பாடாது. ஏனென்றால் அட்டை மின்சாரத்தின் பாதையை வெட்டிவிட்டது.

4. மல்டிமீட்டரின் கறுப்புக் கம்பியைப் பொதுத் துளையிலும், சிவப்புக் கம்பியை மில்லி ஆம்பியர் துளையிலும் செருகி, திருகியை நேர் மின்னோட்டம் 200 மில்லி ஆம்பியரில் வையுங்கள்.

5. ஒரு கம்பியின் நுனியை ஒரு பக்கத் தாளிலும், மற்றதை மறுபக்கத் தாளிலும் வையுங்கள். ரேடியோ பாடத் தொடங்கும், மீட்டரில் எண் தெரியும்! எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் பயப்படாதீர்கள். கம்பிகளை இடம் மாற்றினால் சரியாகிவிடும். ரேடியோ பாடியும் எண் பூஜ்யமாகவே இருந்தால், இரண்டு தாள்களும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

6. சத்தத்தை முழுதாகக் குறைத்து ஒரு முறை, பாதியில் ஒரு முறை, முழுதாகக் கூட்டி ஒரு முறை அளந்து எழுதுங்கள். செய்திக்கும் பாட்டுக்கும் தனித்தனியாக அளங்கள். ஆடும் எண்ணுக்குச் சராசரி எடுக்க மறக்காதீர்கள்.

நல்ல ஆல்கலைன் பென் டார்ச் செல் சுமார் 2000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும். உங்கள் ரேடியோ 40 மில்லி ஆம்பியர் எடுத்தால் எத்தனை மணி நேரம் பாடும்? 2000-ஐ 40-ஆல் வகுங்கள். 50 மணி நேரம்!

அளந்து முடித்ததும் திருகியை அணைத்து, கம்பிகளை எடுத்துவிடுங்கள். மில்லி ஆம்பியரில் வைத்த மீட்டரை மறந்துபோய் யாராவது பேட்டரிக்குக் குறுக்கே வைத்தால் உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும். இன்னொன்று, வீட்டில் இருக்கும் புளூடூத் ஸ்பீக்கரையோ கைபேசியையோ பிரித்துப் பார்க்காதீர்கள். அவற்றில் இருக்கும் லித்தியம் பேட்டரி துளைபட்டால் தீப்பிடிக்கும். அவற்றின் அட்டையில் அச்சிட்ட மில்லி ஆம்பியர் மணியை வாசித்துக் கணக்குப் போட்டால் போதும்.

ஆகஸ்ட் 15

கதையை முடிக்கவில்லையே! விசாரணை முடிந்ததும், அடுத்து வந்த சுதந்திர தின விழாவுக்குப் பிள்ளைகளே வரவு செலவுக் கணக்குப் போட்டார்கள். குறைந்த சத்தத்தில் அரை மணி நேரம் பாட்டு, 0.55. பேச்சு இரண்டு மணி நேரம், 1.6. இடையில் சும்மா இருப்பது ஒரு மணி நேரம், 0.3. மொத்தம் 2.45 ஆம்பியர் மணி. 'பேட்டரியில் பாதிக்கு மேல் தொடக்கூடாது' என்று அவர்களே ஒரு சட்டமும் வைத்துக்கொண்டார்கள். 7-இல் பாதி 3.5. கணக்கு அதற்குள் அடங்கியது.

அன்று பாட்டு அரை மணி நேரத்தில் நின்றது. "என்ன வாத்தியாரே, விழாவா, வேறெதுவுமா? இவ்வளவு அமைதியாக இருக்கிறதே!" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேலிகூடச் செய்தார். நான் சிரித்துக்கொண்டேன்.

கொடியேற்றம் முடிந்தது. அதே மாணவி மேடை ஏறினாள். சுதந்திர தினம் ஆனதால் ஆலைக்கு விடுமுறை. அவள் அம்மா இந்த முறை கூலியை இழக்காமல், அதே வேப்ப மரத்தடியில் வந்து நின்றிருந்தார். முன்னால் வந்து உட்காரச் சொன்னோம். "இருக்கட்டும் சார், இங்கேயே கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஆறு நிமிடம் பேசினாள் அந்தப் பிள்ளை. சிவப்பு விளக்கு கடைசி வரை மங்கவில்லை.

விழா முடிந்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா என்னிடம் வந்தார். "ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு சார்" என்றார். மகளோ அதற்குள் ஆம்ப்ளிஃபயர் பக்கம் ஓடிவிட்டாள். வோல்ட்மீட்டரை வைத்துப் பேட்டரியில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க!

பிள்ளைகளே, வீட்டிலோ பள்ளியிலோ ஏதாவது நின்றுபோனால், 'ரிப்பேர்' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: 'அளந்து பார்த்தோமா?' சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை தீப்பெட்டி அட்டையோடு உட்கார்ந்துவிடுவீர்கள்தானே?